காசுக்குப் பதில் அரிசி என்றால்

அன்புள்ள தம்பிக்கு,

சட்டக் கல்லூரியில் பலர் கேட்கக் கூசும் கேள்வியைக் கேட்டிருக்கிறாய். பாலியல் தொழிலில் இருக்கும் ஒரு பெண், பணம் வாங்காமல் அரிசி மூட்டையோ வீட்டு வாடகையோ செல்போனோ வாங்கிக்கொண்டால் சட்டம் அதை வேறாகப் பார்க்குமா?

பார்க்காது. 1956ஆம் ஆண்டின் விபசாரத் தடுப்புச் சட்டம் தன் மூல வடிவிலேயே கூலி பணமாக இருந்தாலும் பொருளாக இருந்தாலும் ஒன்றுதான் என்றது. 1986ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வரையறை வணிக நோக்கத்துக்கான பாலியல் சுரண்டல் என்று மாறியது. விபசார விடுதி எது என்று சொல்லும் இடத்திலும் யாருக்கு ஆதாயம் என்றுதான் சட்டம் கேட்கிறது. அரிசியும் ஆதாயம்தான்.

ஆனால் வயது வந்த ஒரு பெண் தன் விருப்பப்படி, தனியாக இத்தொழிலில் இருப்பது மட்டுமே குற்றமாகாது. விடுதி நடத்துவதும், பொது இடத்தில் ஆள் அழைப்பதும், பிறர் அவள் வருமானத்தில் வாழ்வதும் குற்றம். அதே சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி வழிபாட்டுத் தலம், கல்வி நிறுவனம், மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் இத்தொழில் நடந்தாலும் குற்றம். அண்ணாமலையார் கோயிலும், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அஷ்டலிங்கங்களும் ஆசிரமங்களும் உள்ள நம் திருவண்ணாமலையில் அந்த எல்லைக்கு வெளியே எவ்வளவு இடம் மிஞ்சும் என்று நீயே பார். அந்தப் பிரிவு உடனிருந்த ஆணையும் சேர்த்தே தண்டிக்கிறது. இருவருக்கும் 3 மாதம் வரை சிறை. வழக்கில் பெண்ணின் பெயர் மட்டும் இருந்தால், ஏன் என்று கேள்.

பேசிய பொருளை வாடிக்கையாளன் தராமல் ஏமாற்றினால்? 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 23ஆம் பிரிவு, ஒழுக்கத்துக்கு மாறான ஒப்பந்தம் செல்லாது என்கிறது. உரிமையியல் நீதிமன்றத்தில் அவளால் அதைக் கேட்டு வாங்க முடியாது. இது எனக்கு ஏற்புடையதல்ல. ஏமாற்றுகிறவனுக்கே அது துணை போகிறது.

பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பேச்சே இல்லை. வளையல் கொடுத்தாலும் சாப்பாடு கொடுத்தாலும், சிறுமி சம்மதித்தாள் என்று யார் சொன்னாலும், அது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம்.

நீ கருத்தாகப் படிக்க வேண்டியது இன்னொரு வகைப் பண்டமாற்று. பட்டாவுக்கோ ரேஷன் அட்டைக்கோ அலையும் ஒரு பெண்ணிடம் அரசு ஊழியர் உடலைக் கேட்டால், அது பாலியல் தொழிலே அல்ல. ஊழல் தடுப்புச் சட்டத்தில் லஞ்சம் என்பது பணத்தோடு நிற்பதில்லை. கேட்டவருக்கு 3 முதல் 7 ஆண்டு சிறை. கட்டாயத்தால் இணங்க நேர்ந்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால், லஞ்சம் கொடுத்த குற்றம் அவர்மீது வராது. 2018இல் வந்த இந்தப் பாதுகாப்பை அறியாமல் எத்தனை பெண்கள் வாய்மூடி இருக்கிறார்களோ!

2022 மே 19 அன்று புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில், பாலியல் தொழிலாளர்களைக் காவல்துறை கண்ணியமாக நடத்த வேண்டும், சொல்லாலும் கையாலும் துன்புறுத்தக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். அவர்களுக்கு உரிமைகளைக் கற்பிக்கும் பொறுப்பைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களிடமும் கொடுத்தது. விடுமுறைக்கு ஊர் வரும்போது நம் மாவட்ட ஆணைக்குழுவில் போய்ப் பெயர் கொடு. எந்தப் பெண்ணுக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே வழக்கறிஞர் இலவசம். தொலைபேசி எண் 15100. அதை நாலு பேருக்குச் சொல்.

அன்புடன்,
உன் அண்ணன்