பக்ஷிகளில் ஆண் பெண் அறியும் டி.என்.ஏ. சோதனை

பக்ஷிகளை வளர்த்து வருமானம் பெற விரும்புவோர் முதலாவதாக அறியவேண்டியது, தாம் விலை கொடுத்து வாங்குவது ஆணா பெண்ணா என்பதே. மாடு, ஆடு முதலிய கால்நடைகளில் இது ஒரு விஷயமே அன்று. கன்று தரையில் விழுந்தவுடனே சிறு பிள்ளையும் சொல்லிவிடும். பக்ஷிகளின் சங்கதி வேறு. வளர்ந்த சேவலைக் கொண்டையாலும், மயிலைத் தோகையாலும் அறியலாம். ஆனால் புறா, எமு, அநேக கிளி ஜாதிகள் ஆகியவற்றில் ஆணும் பெண்ணும் புறத்தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றே.

இதனால் நேரும் நஷ்டம் அற்பமன்று. ஜோடி என்றெண்ணி ஒரே கூட்டில் விட்ட புறாக்கள் இரண்டும் பெட்டையாக இருந்துவிட்டால், அவை ஜோடியைப் போலவே கூடு கட்டி, இரண்டு முட்டைக்குப் பதில் நான்கு முட்டை இட்டு அடைகாப்பதும் உண்டு, ஒன்றேனும் பொரியாது. எமுவோ ஏறக்குறைய இரண்டு வயதில்தான் முட்டையிடத் தொடங்கும். குஞ்சாக வாங்கிய எமு ஜோடி உண்மையில் ஜோடி அன்று என்பது, இரண்டு வருஷத் தீவனச் செலவு கழிந்த பின்னரே தெரியவரும். இத்தகைய நஷ்டத்தைத் தடுக்கும் பொருட்டு ஏற்பட்ட சாதனங்களுள் ஒன்றே டி.என்.ஏ. சோதனை.

பழைய வழிகள்

கோழிக்குஞ்சு பொரித்த முதல் நாளிலேயே அதன் எச்சவாயை மெல்லத் திறந்து, உள்ளே காணும் சிறு முகிழைக்கொண்டு ஆண் பெண் பிரிக்கும் வித்தையை ஜப்பான் தேசத்து மசூயி, ஹஷிமோட்டோ என்னும் சாஸ்திரிகள் வெளிப்படுத்தினர். 1927-ஆம் வருஷம் கனடாவில் ஒட்டாவா நகரில் கூடிய உலகக் கோழி வளர்ப்பு மகாநாட்டில் இது எடுத்துரைக்கப்பட்டது. பழகிய கைக்கு இது எளிது. பழகாத கைக்குக் குஞ்சைக் கொல்லும் வழியே ஆகும்.

இரண்டாவது வழி, இனக்கலப்பால் குஞ்சின் நிறத்தையோ இறகையோ அடையாளமாக்குவது. ரோட் ஐலண்ட் ரெட் சேவலை லைட் ஸஸெக்ஸ் பெட்டையோடு சேர்த்தால், பெட்டைக்குஞ்சுகள் தகப்பனைப்போல் செம்மை நிறமும், சேவல்குஞ்சுகள் தாயைப்போல் வெளிர் நிறமும் உடையனவாய்ப் பிறக்கும். இவ்வாறே, விரைவில் இறகு முளைக்கும் சேவலையும் தாமதமாய் முளைக்கும் பெட்டையையும் சேர்த்தால், முதல் நாளிலேயே நீண்ட சிறகிறகு உடையவை பெட்டை எனக் கொள்ளலாம். முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு இம்முறைகளே போதும். குஞ்சு ஒவ்வொன்றுக்கும் டி.என்.ஏ. சோதனை செய்வது வீண் செலவு.

மூன்றாவது வழி, பக்ஷியை மயக்கி, இடது விலாவில் சிறு துவாரமிட்டுக் கருவியால் உள்ளுறுப்பை நேரே பார்ப்பது. இதற்கு நிபுணர் வேண்டும். மயக்க மருந்தினால் பக்ஷிக்கு அபாயமும் உண்டு.

சோதனையின் ஆதாரம்

ஒவ்வொரு பிராணியின் உடலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணறைகளால் ஆயது. ஒவ்வோர் அறையினுள்ளும் குரோமோசோம்கள் என்னும் இழைகள் உள்ளன. பெற்றோரின் குணங்களைச் சந்ததிக்குக் கொண்டு செல்வது அவ்விழைகளிலுள்ள டி.என்.ஏ. என்னும் பொருளே. மனிதரிலும் கால்நடைகளிலும் பெண்ணுக்கு எக்ஸ் இழைகள் இரண்டு. ஆணுக்கு எக்ஸ் ஒன்றும் வொய் ஒன்றும். பக்ஷிகளில் இது மாறி நிற்கிறது. சேவலுக்கு இஸட் இழைகள் இரண்டு. பெட்டைக்கு இஸட் ஒன்றும் டபிள்யூ ஒன்றும். எனவே, பக்ஷிகளில் குஞ்சு ஆணாவதும் பெண்ணாவதும் தாயின் முட்டையைப் பொறுத்தது. மேலே சொன்ன நிறக்கலப்பின் இரகசியமும் இதுவே: பெட்டைக்குஞ்சு தன் ஒரே இஸட் இழையைத் தகப்பனிடமிருந்தே பெறுகிறது.

ஆகவே, டபிள்யூ இழை உண்டா இல்லையா என்று கண்டுவிட்டால் விஷயம் முடிந்தது. சி.எச்.டி. என்னும் ஜீன் ஒன்று இஸட், டபிள்யூ ஆகிய இரண்டிலும் உண்டு; ஆயினும் அதன் இடையிலுள்ள ஒரு பகுதியின் நீளம் இரண்டிலும் வெவ்வேறு. இதைக்கொண்டு பெரும்பாலான பக்ஷி ஜாதிகளுக்கும் பொருந்தும் ஒரு சோதனையை ரிச்சர்ட் கிரிஃபித்ஸ் என்பாரும் அவர்தம் சகாக்களும் 1998-ஆம் வருஷம் வெளியிட்டனர்.

இதற்கு முன்னரே, பிரேஸில் தேசத்துக் காட்டில் ஒன்றே ஒன்றாய் எஞ்சியிருந்த ஸ்பிக்ஸ் மக்கா என்னும் நீலக்கிளி ஆண் என்பது, அது உதிர்த்த இறகின் டி.என்.ஏ.வைக்கொண்டே நிச்சயிக்கப்பட்டது. அதன்பின் 1995-ஆம் வருஷத்தில் அதற்குத் துணையாக ஒரு பெண் கிளி காட்டில் விடப்பட்டது. பக்ஷியைப் பிடியாமலே பால் அறியக்கூடும் என்பதற்கு இது தக்க உதாரணம்.

சோதனைச் சாலையில் நடப்பது

இறகின் அடியிலோ இரத்தத்துளியிலோ உள்ள டி.என்.ஏ. மிகச் சொற்பம். ஆகையால் வேண்டிய பகுதியை மாத்திரம் பெருக்குகின்றனர். சிறு குழாயில் வேண்டிய திரவங்களைச் சேர்த்து, ஏறக்குறைய 94 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கிப் பின் ஆற்றி, மறுபடியும் சூடேற்றுவர். ஒவ்வொரு சுற்றுக்கும் அப்பகுதி இரட்டிக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 30 சுற்று முடியும்போது, கணக்குப்படி 107 கோடிக்கு மேலாகும். பின்னர் அதைப் பசை போன்ற ஒரு படலத்தில் மின்சாரத்தால் நகர்த்துவர். குறுகிய துண்டு விரைந்து செல்லும், நீண்டது பின்தங்கும். கோடு ஒன்று தோன்றினால் சேவல். இரண்டு தோன்றினால் பெட்டை.

மாதிரி எடுக்கும் முறை

பக்ஷிகளின் சிவப்பணுக்களில், நமது சிவப்பணுக்களில் இல்லாத உட்கரு உண்டு. எனவே, வடிதாளில் ஊறிய ஒரு துளி இரத்தமே போதும். ஆயினும் குடியானவர் தாமே நகத்தை வெட்டி இரத்தம் எடுப்பதினும், கால்நடை வைத்தியரைக்கொண்டு எடுப்பிப்பதே நலம்.

இறகு அனுப்புவதானால், மார்பிலிருந்து மூன்று நான்கு சிறு இறகுகளை வேரோடு பறிக்கவேண்டும். கத்தரித்த இறகு உதவாது. பல பக்ஷிகள் உள்ள கூட்டின் தரையிலிருந்து பொறுக்கியதும் ஆகாது. அது எதனுடையது என்று யார் சொல்ல முடியும்? அடிப்பாகத்தைக் கையால் தொடாமல், உலர்ந்த காகித உறையில் இட்டு, கால் வளையத்தின் எண்ணை மேலே எழுதவேண்டும். ஓர் உறையில் ஒரு பக்ஷியின் இறகே இருத்தல் வேண்டும். ஈரம் பட்டால் பூஞ்சணம் பூத்துக் கெட்டுவிடும்.

தவறு நேரும் விதம்

சோதனை நுட்பமானது என்பதே அதன் பலமும் பலவீனமும் ஆகும். பெட்டையின் இறகுத்தூசி சேவலின் மாதிரியில் கலந்தால், டபிள்யூ கோடு தோன்றிச் சேவல் பெட்டை எனப்படும். கெட்டுப்போன மாதிரியில் டபிள்யூ பகுதி பெருகாது போனால், பெட்டை சேவல் எனப்படும். பொரித்த முட்டையோட்டின் உட்சவ்விலும் சோதிக்கலாம். ஆனால் தாயின் சுவடு அதில் கலந்திருக்கக்கூடும் என்பதை மறத்தலாகாது. விலையுயர்ந்த பக்ஷியானால் இரண்டு மாதிரி அனுப்புதல் விவேகம்.

எமு வளர்ப்போர்க்கு

எமு, தீக்கோழி முதலிய பறவாப் பெரும் பக்ஷிகளில் இஸட், டபிள்யூ இழைகள் இரண்டும் பெரும்பகுதி ஒத்தே உள்ளன. மேற்கூறிய சி.எச்.டி. சோதனை இவற்றுக்கு உதவாது. இவற்றுக்கென வேறு சோதனை 2002-ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. எனவே மாதிரியோடு பக்ஷியின் ஜாதியைத் தெளிவாய் எழுதவேண்டும். வளர்ந்த எமுவில், பெண் பேரிகை போன்ற முழக்கமும், ஆண் உறுமலும் செய்யும் என்பதையும் துணைச்சான்றாகக் கொள்ளலாம். எட்டு வாரம்வரை அடைகாப்பதும் ஆணே.

ஒன்றைமட்டும் இங்கு வற்புறுத்துதல் அவசியம். 2012-ஆம் வருஷத்தில் ஈரோடு ஜில்லா பெருந்துறைப் பக்கத்து எமு வியாபாரம் வீழ்ந்தபோது, அநேகர் போட்ட முதலை இழந்தனர். அங்கே சரியான ஜோடி வைத்திருந்தவரும் தப்பவில்லை. முட்டைக்கும் இறைச்சிக்கும் சந்தை இல்லாமற் போனதே காரணம். சோதனைச் சீட்டு பக்ஷியின் பாலைச் சொல்லும்; லாபத்தைச் சொல்லாது. சீட்டைக் காட்டி முதல் கேட்போரிடம், விளைபொருளை வாங்குவோர் யார் என்று முதலில் கேட்கவேண்டும்.

பிற தேசங்களில்

ஜெர்மனியில் சேவல்குஞ்சுகளைப் பொரித்தவுடன் கொல்வது 2022-ஆம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஆகையால் அங்கு, அடைவைத்த முட்டையின் ஓட்டில் நுண்துவாரமிட்டு ஒரு துளி திரவம் எடுத்து, டி.என்.ஏ.வாலோ வேறு விதமாகவோ ஆண் முட்டைகளை முன்னரே விலக்கும் முறைகள் கையாளப்படுகின்றன.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியது

நம் நாட்டுப் பச்சைக்கிளியும் மயிலும் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை; அவற்றைப் பிடித்து வளர்த்தலும் விற்றலும் குற்றம். ஆண் பெண் சீட்டு கையில் இருப்பதனால் அக்குற்றம் நீங்காது. சர்வதேச உடன்படிக்கையின் அட்டவணைகளில் சேர்ந்த அந்நியநாட்டுக் கிளிகளை வைத்திருப்போர் 2024-ஆம் வருஷத்து விதிகளின்படி பதிவு செய்துகொள்ளவேண்டும்.

சுருக்கம்

1. ஜோடியாக விற்கப்படும் பக்ஷிக்கு, கால் வளைய எண் குறித்த சோதனைச் சீட்டைக் கேட்டு வாங்குக.
2. சீட்டின் எண்ணும் வளையத்தின் எண்ணும் ஒன்றாயிருத்தலைக் கண்ணால் பார்த்தபின்னரே பணம் கொடுக்க.
3. மாதிரியை வாங்குவோர் முன்னிலையில் எடுப்பதே உத்தமம்.
4. ஜாதியின் பெயரைத் தவறாது எழுதுக.
5. கோழிக்கு நிறமும் இறகும் போதும். தோற்றத்தால் பிரித்தறியலாகாத விலையுயர்ந்த பக்ஷிகளுக்கே இச்சோதனை தகும்.

இவ்விதிகளை அனுசரிப்பவர், இரண்டு வருஷம் தீவனமிட்டபின் அறியவேண்டியதை, ஓர் இறகின் செலவில் முன்னமே அறிந்துகொள்வர்.