அண்ணன் சொன்னது பாதி சரி

கேள்வி: சட்டத்தரணியாகி இரண்டு வருடம். புத்தளம் நீதிமன்றத்துக்குப் போய் வருகிறேன், நொத்தாரிசு வேலையும் செய்கிறேன். ஊரில் காணி விற்றவர்கள் இப்போது வரிக் கடிதங்களோடு வருகிறார்கள். வரி வழக்குகளையே சிறப்பாகப் படிக்க முதுமாணிப் படிப்புக்குப் போகலாமா? வெளிநாடா, கொழும்பா? "கற்பிட்டியில் யார் வரி வழக்குப் பேசப் போகிறார்கள்?" என்று அண்ணன் சிரிக்கிறார். பி.கு.: மூன்று கிழமைக்கு முன் மதிப்பீட்டு அறிவித்தல் வந்த ஒருவரின் கோப்பும் என்னிடம் இருக்கிறது.
- வாசகி, கற்பிட்டி

பதில்: அண்ணன் சொன்னது பாதி சரி. வழக்குப் பேசுவது கொழும்பில்தான். ஆனால் அந்த வழக்கு உண்டாவது உங்கள் மேசையில், நீங்கள் எழுதும் உறுதியில்.

ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். கொழும்பில் ராம் ஈஸ்வரா என்ற அம்மையார் தன் பெண்பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்க ஒரு காணி தேடினார். கிடைத்ததோ தேவைக்கு மிஞ்சிய பெரிய காணி. அதை வாங்கித் துண்டு பிரித்துப் பெரும்பகுதியை விற்றார், ஒரு பங்கைத் தனக்கு வைத்துக்கொண்டார். விற்றதில் வந்த லாபத்துக்கு வருமான வரி கேட்டார்கள். "பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கியது, வியாபாரம் செய்ய அல்ல" என்றார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1965-இல் தோற்றது. மனத்தில் இருந்த நோக்கம் எதுவானாலும், செய்த காரியம் முழுக்க வியாபாரத்தின் சாயலில் இருந்தால் அது வியாபாரம்தான் என்றார்கள்.

இப்போது ஆலங்குடாவையும் கண்டக்குளியையும் நினைத்துப் பாருங்கள். வாப்பா விட்டுப்போன தென்னந்தோட்டத்தை அப்படியே ஹோட்டல்காரருக்கு விற்றவர் ஒருவர். கடன்பட்டு நாலு ஏக்கர் வாங்கி, நில அளவையாளரைக் கூட்டிவந்து பாதை விட்டு, இருபது பேர்ச்சஸ் துண்டுகளாக விற்றவர் இன்னொருவர். முன்னவரிடம் கேட்பது மூலதன ஆதாய வரி. தனிநபருக்கு அது 2018-இல் நூற்றுக்கு 10 என்று திரும்பி வந்து, 2025-இல் 15 ஆனது. பின்னவரை வியாபாரி என்று பிடித்தால் உச்ச வீதம் 36. 2017-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், வியாபார இயல்புள்ள தனியொரு கொடுக்கல் வாங்கலையும் வியாபாரம் என்றே எண்ணுகிறது. "ஒரே ஒரு தரம்தானே விற்றேன்" என்பது அங்கே செல்லாது. இந்த இருவருக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் உங்களிடம் வரப்போகிறவர்கள்.

அவர்கள் போகும் பாதை குறுகியது. மதிப்பீட்டு அறிவித்தல் கிடைத்து 30 நாளுக்குள் ஆணையாளர் நாயகத்திடம் மீளாய்வு கேட்க வேண்டும். அங்கே தோற்றால் 2011-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு. அதற்கும் 30 நாள்தான், பணமோ வங்கி உத்தரவாதமோ வேறு வைக்க வேண்டும். அதற்கு மேல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கேட்பது சட்டக் கேள்வியை மட்டும். என்ன நடந்தது என்று ஆணைக்குழு கண்டது பெரும்பாலும் அப்படியே நிற்கும். எட்வர்ட்ஸ் எதிர் பெயர்ஸ்டோ என்ற ஆங்கிலத் தீர்ப்பு (1955), நியாயபுத்தியுள்ள எவரும் வரமுடியாத முடிவாக இருந்தால் மட்டும் நீதிமன்றம் கைவைக்கலாம் என்றது. ஆகவே தோட்டத்தில் தேங்காய் விற்ற துண்டையும் வங்கிக் கடன் கடிதத்தையும் கீழ்மட்டத்திலேயே கோப்பில் சேர்க்காதவருக்கு மேலே போய்ப் பேச எதுவும் மிஞ்சாது.

இன்னொன்று. விபரத்திரட்டை ஏற்காத அதிகாரி அதற்கான காரணத்தை வரியாளருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1982-இல் பெர்னாண்டோ எதிர் இஸ்மாயில் வழக்கில் நம் உயர் நீதிமன்றம் சொன்னது. பழைய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு; ஆனாலும் கடிதத்தைக் கையில் எடுத்ததும் காரணம் எங்கே என்று தேடும் பழக்கத்தை அதிலிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். தொகையை மட்டும் பார்த்துப் பயப்படுகிற சட்டத்தரணிகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

இனிப் படிப்பு. லைடன், வியன்னா போன்ற இடங்களின் புகழ்பெற்ற வரி முதுமாணிகள் சர்வதேச வரியை மையமாகக் கொண்டவை: நாடுகளுக்கிடையிலான இரட்டை வரி உடன்படிக்கை, பன்னாட்டுக் கம்பனிகளின் உள்விலை நிர்ணயம் என்று போகும். அருமையான படிப்பு, ஆனால் கற்பிட்டிக் கோப்புக்கு அதில் கொஞ்சம்தான் உதவும். ஒக்ஸ்ஃபோர்டின் வரிவிதிப்பு முதுமாணி இரண்டு வருடப் பகுதிநேரப் படிப்பு என்பதால் தொழிலை விடாமல் படிக்கலாம். செலவுதான் கழுத்தைப் பிடிக்கும். என் எண்ணத்தில், முதலில் ஒரு வருடம் கொழும்பில் வரி வழக்கு நடத்தும் மூத்தவர் ஒருவரிடம் கோப்புத் தூக்குங்கள். ஐந்தொகை வாசிக்கப் பழகுங்கள். ஆணைக்குழுவில் உங்களுக்கு எதிரிலும் பக்கத்திலும் கணக்காளர்கள் இருப்பார்கள், அவர்களோடு அவர்கள் மொழியில் பேச முடியாவிட்டால் பட்டம் கைகொடுக்காது. பிறகு கொழும்பிலேயே முதுமாணிக்குச் சேருங்கள். ஆய்வுக் கட்டுரைக்கு, கற்பிட்டிக் கரையில் துண்டு பிரித்து விற்கப்படும் காணிகளையே எடுங்கள். ஈஸ்வரா வழக்கை இந்த மணலில் வைத்துப் பார்க்க உங்களை விட வசதியானவர் யார்?

அந்தப் பின்குறிப்பைப் பார்த்துத் திடுக்கிட்டேன். மூன்று கிழமை என்றால் மிச்சம் ஒன்பது நாள். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும் என்பதால், மீளாய்வு விண்ணப்பத்தை உடனே அனுப்பச் சொல்லி உங்கள் கடிதம் கிடைத்த அன்று பின்னேரமே தனியாக உங்களுக்கு எழுதிப் போட்டேன். கிடைத்ததா என்று ஒரு வரி எழுதுங்கள்.