மஞ்சள் இறங்கிய பின்னும் மறைந்திருக்கும் வைரஸ்

“கண்ணில் மஞ்சள் இல்லை, பசி நன்றாக எடுக்கிறது, இரத்தத்திலும் வைரஸ் தெரியவில்லை என்கிறீர்கள். பிறகும் மாத்திரை எதற்கு?” நாள்பட்ட ஹெபடைடிஸ் பி நோய்க்காகக் காட்டுமன்னார்கோயில் சுற்றுவட்டாரத்திலிருந்து வருவோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். விடை காண, இவ்வைரஸ் நம் உடலின் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் எவ்வாறு மண்ணைத் தூவுகிறது என்று பார்க்க வேண்டும்.

பொதுவாக, வைரஸ் ஒன்று நுழைந்ததும் அந்த உயிரணு இன்டர்ஃபெரான் என்னும் பொருளைச் சுரந்து அக்கம்பக்கத்தை எச்சரிக்கும். ஹெபடைடிஸ் பி வைரஸோ அந்த எச்சரிக்கை எழாதவாறு ஓசையின்றிக் கல்லீரல் உயிரணுவுக்குள் புகுந்து, தன் மரபுப்பொருளை உட்கருவில் ஒரு வளையமாக நிலைநிறுத்திக்கொள்கிறது. வயலில் கோரை பிடுங்கியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தாள் கையோடு வந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் தங்கிவிடும். டெனோஃபோவிர், என்டெகாவிர் ஆகிய மாத்திரைகள் புதிய வைரஸ்கள் உருவாவதைத் தடுக்கின்றன. உட்கருவிலுள்ள கிழங்கை அவை தொடுவதில்லை. மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தினால் நோய் மீண்டும் முளைக்கும். சிலருக்குக் கல்லீரல் அழற்சி திடீரெனக் கடுமையாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்த சூழ்ச்சி பதர். இவ்வைரஸ் தன் மேலுறையை மட்டும் கொண்ட வெற்றுத் துகள்களை ஏராளமாக இரத்தத்தில் விடுகிறது. முழு வைரஸ் ஒன்றுக்கு இவை ஆயிரம் மடங்குக்கும் மேல் இருக்கும். வைரஸைப் பிடிக்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் பதரைப் பிடிப்பதிலேயே செலவாகிவிடுகின்றன. ஓயாமல் போரிடும் டி செல்களும் நாளடைவில் சோர்ந்துபோகின்றன. ஆய்வக அறிக்கையில் ‘எச்பிஎஸ் ஆன்டிஜன்’ எனக் குறிக்கப்படுவது இந்த மேலுறைப் புரதமே.

இனி, கீழாநெல்லி. வரப்போரத்துச் செடியை அரைத்து மோரில் கலந்து குடிக்கும் வழக்கத்தை நாங்கள் ஏளனம் செய்வதில்லை. சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவினர் அதை முறையாகவே ஆராய்ந்தனர். இவ்வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும் அவர்களோடு இணைந்திருந்தார். 1988-இல் லான்செட் இதழில் வெளியான அவ்வாய்வில், 30 நாள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கு மேலுறைப் புரதம் மறைந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. பெரும் நம்பிக்கை பிறந்தது. ஆயினும் பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அப்பலன் கிட்டவில்லை. அசுத்த நீரால் பரவும் ஏ, இ வகைக் காமாலைகள் பெரும்பாலும் தாமாகவே தணிபவை. பெருமை மட்டும் மூலிகைக்குப் போய்ச் சேர்கிறது. (கர்ப்பிணிகளுக்கு இ வகை மிக ஆபத்தானது, அவர்கள் வீட்டில் காத்திருக்கலாகாது.)

ஹெபடைடிஸ் சி வைரஸ் ஓயாமல் உருமாறித் தப்புகிறது. அதற்கு இன்னும் தடுப்பூசி இல்லாமைக்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் உட்கருவில் அது கிழங்கு வைப்பதில்லை. ஆகவே பெரும்பாலும் 12 வார மாத்திரையிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் முற்றிலும் குணமடைகின்றனர்.

ஹெபடைடிஸ் பி உள்ளவரின் துணைவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் அனைவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தொற்றும் எதிர்ப்பாற்றலும் இல்லாதோர் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சேர்ந்து உண்பதால் இந்நோய் பரவாது. நோயாளிக்குத் தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைப்பது வீண் கொடுமை. சவரக் கத்தியையும் பல் துலக்கும் பிரஷையும் மட்டும் பகிர வேண்டாம். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றுப் பெறும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு நோய் நாள்பட்டதாகிவிடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. ஆகவே தொற்றுள்ள தாய்மார் பிரசவத்திற்கு முன்பே அதை எங்களிடம் தெரிவித்துவிடுங்கள். பிறந்த 24 மணி நேரத்திற்குள் குழந்தைக்கு முதல் தடுப்பூசியும், அதனுடன் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடப்பட வேண்டும்.