கதிரையைக் கவிழ்த்துப் பாரும்

பார்க்கிங், இலண்டன்

அன்புள்ள தம்பிக்கு,

உமது கடிதம் வந்து சேர்ந்தது. பழைய டேனிஷ் தேக்குக் கதிரைகள் இரண்டை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டதாகவும், அவற்றுக்குக் கடுகு நிறத் துணி பொருந்துமா, கருநீலம் பொருந்துமா என்று இரண்டு வாரமாக மனம் ஒரு நிலையில் நில்லாமல் அலைவதாகவும் எழுதியிருந்தீர். அந்த உற்சாகத்தை நான் நன்கு அறிவேன். ஆயினும், பெக்கன்ட்ரிக் குடியிருப்பில் உள்ள என் சிறிய வீட்டின் பின்னறையில் இருபது வருஷமாகப் பழைய கதிரைகளைப் பழுதுபார்த்துவந்த அநுபவத்தால் சொல்கிறேன்: துணியைப் பற்றிய யோசனையைச் சிறிது ஒத்திவைத்து, தரையில் ஒரு கம்பளியை விரித்து, கதிரையை அதன்மேல் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு மாலைப்பொழுது முழுவதும் அதன் அடிப்பாகத்தைப் பாரும்.

அங்கே சில கதிரைகளில் செய்தவரின் முத்திரை மரத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் வட்டமான சிறு உலோகத் தகடு இருக்கும். 'பிரான்ஸ் அன்ட் சொன்' என்ற தகடு தென்படுமாயின், சார்லஸ் பிரான்ஸ் என்ற ஆங்கிலேயர் டென்மார்க்கிலே நடத்திய தொழிற்சாலையில் பிறந்த கதிரை அது என்று கொள்ளலாம். முத்திரை யாதும் இல்லையானால், ஹான்ஸ் வெக்னர் என்றும் ஃபின் யூல் என்றும் டேனிஷ் வடிவமைப்பாளரின் பெரும் பெயர்களை அதற்குச் சூட்டிவிட வேண்டாம். இங்கிலாந்திலேயே டேனிஷ் பாணியில் செய்யப்பட்டவை ஏராளம். ஜி-பிளான் நிறுவனத்தார் 1960களின் தொடக்கத்தில் இப் கோஃபோட்-லார்சன் என்ற டேனியரையே அழைத்து வடிவங்களை வரையச் செய்தனர். பெயரால் உயர்ந்த கதிரையைவிட, பெயர் தெரியாவிட்டாலும் மூட்டுகள் செவ்வையாக வெட்டப்பட்ட கதிரையே உமக்கு நல்ல ஆசிரியர் என்பது என் அபிப்பிராயம்.

கதிரையை ஆசிரியராகக் கொள்வது டேனியருக்குப் புதிதன்று. கோப்பன்ஹேகன் அரச கலைக்கழகத்தில் 1924இல் தளபாடக் கல்வியைத் தொடங்கிய கோர் கிளிண்ட், மாணாக்கரைப் பழைய ஆசனங்களை அங்குலம் அங்குலமாக அளக்கச் செய்தார். அந்நகரத் தச்சர் சங்கத்தார் 1927 முதல் 1966 வரை ஆண்டுதோறும் நடத்திய கண்காட்சிகளிலே, வரைபவரும் செய்பவரும் ஒருவரையொருவர் தேடிக் கூடிப் புதிய வடிவங்களை வெளியிட்டனர். வெக்னர், செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகன். தாமே உளி பிடித்துத் தச்சுத் தொழிலைக் கற்றபின் வரையத் தொடங்கியவர். நம் ஊர்ச் சித்திரத்தேர் செய்யும் ஆசாரிமார் கோடு போட்ட கையாலேயே உளியையும் எடுப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்த ஒரு விஷயத்தில் அந்தத் தேசம் அந்நியமாகத் தோன்றியதே இல்லை.

வேறொரு வகையிலும் அது அந்நியமன்று. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு 1620இல் தரங்கம்பாடியில் கோட்டை எழுப்பிய டேனியர், 1845இல் அதனை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போகும்வரை நம் கரையில் வாழ்ந்தவர்கள். உமது கதிரையின் மரம் அந்தக் கப்பல்களில் போனதன்று; 1897இல் தொடங்கப்பட்ட டேனிஷ் கிழக்காசியக் கம்பெனி சியாமின் காடுகளில் தேக்கு வெட்டிய காலத்தின் தொடர்ச்சியாக வந்திருக்கக்கூடும். ஆனால் நாமும் மலையாளத்தாரும் வழங்கும் தேக்கு என்ற சொல் மலையாளக் கரையிலிருந்தே போர்த்துக்கேயர் நாவில் ஏறி ஐரோப்பா முழுவதும் சென்றது. யாழ்ப்பாணத்தார் நாம் நாற்காலியைக் கதிரை என்று வழங்குவதோ அதே போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். இதை நான் எழுதுவது பெருமை பேசுவதற்கன்று. அந்த மரத்தைத் தொடும்போது, முன்பின் அறியாத ஒன்றைத் தொடுவதாக நீர் கூசவேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

இனி வேலைக்கு வருவோம். இரு கைகளாலும் கதிரையின் முதுகைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாரும். குளிர்காலத்தில் நம் வீடுகளிலே ஹீட்டர் ஓயாமல் எரிவதால் மரம் வறண்டு சுருங்கி, ஐம்பது அறுபது வருஷம் உறுதியாக நின்ற மூட்டும் தளர்ந்துவிடும். தளர்ந்த மூட்டின் வாயில் புதுப் பசையைப் புகட்டி இறுக்கிவிடலாம் என்ற ஆசை எவருக்கும் எழும். அது ஒரு மாதம் நிற்கும், பிறகு மீண்டும் ஆடும், ஏனெனில் பழைய பசையின்மேல் புதுப் பசை பெரும்பாலும் சரியாகப் பிடிப்பதில்லை. மூட்டைக் கழற்றி, பழைய பசையை வெந்நீரால் ஊறவைத்துச் சுரண்டி, மரத்தின் உடல் வெளிப்பட்டபின், தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் தோற்பசையைச் சூடாக இட்டு, கிளாம்பு போட்டு ஒரு நாள் முழுவதும் விட்டுவிடும். அதைவிட உறுதியான பசைகள் கடையில் உண்டு. எனினும், வச்சிரம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் இளகுவதால், உமக்குப் பின் இந்தக் கதிரையைப் பழுதுபார்க்கும் ஒருவன் அதை உடைக்காமல் கழற்றலாம். அந்த முகமறியாதவனுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

மரத்தைத் தேய்ப்பது பற்றி எழுதும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. நான் முதன்முதலில் எடுத்த கதிரையின் கைப்பிடியில், தேநீர்க் கோப்பை வைத்த வெண்வளையம் ஒன்று இருந்தது. அதைப் போக்க உப்புத்தாளைப் பூட்டிய மின்யந்திரத்தை ஓட்டினேன். வளையம் போயிற்று, அதனோடு, கைப்பிடியின் மேற்பரப்பு பக்கவாட்டில் இறங்கும் இடத்திலே யாரோ ஒருவன் கைச்சீவுளியால் விட்டிருந்த கத்திமுனை போன்ற மெல்லிய விளிம்பும் போயிற்று. வளையத்தைச் சகித்திருக்கலாம்; விளிம்பு திரும்பி வராது. அந்தக் கதிரை இன்னும் என் வீட்டில் இருக்கிறது, அதில்தான் தினமும் உட்காருகிறேன், வலது கை அந்த மழுங்கிய இடத்தைத் தேடிச் செல்வதை என்னால் தடுக்க முடிவதில்லை. ஆகவே முதலில் ஒயிட் ஸ்பிரிட் நனைத்த துணியால் பழைய மெழுகையும் அழுக்கையும் துடைத்து, உலர்ந்தபின் எண்ணெய் பூசிப் பாரும். பத்தில் எட்டுத் தடவை அதுவே போதுமாயிருக்கும். ஆளி எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடுவது வீட்டுக்கே அபாயம், அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றும். வெளியே விரித்து உலரவிட வேண்டும்.

மெத்தையின் கீழுள்ள ரப்பர் பட்டைகளை நகத்தால் அழுத்தினால் வெடிப்புத் தெரியுமாயின், எல்லாவற்றையும் மாற்றிவிடும். பழையவற்றுள் ஒன்றை அளவுக்காக வைத்துக்கொண்டு, புதியதைப் பத்தில் ஒரு பங்கு நீளும்படி இழுத்துப் பூட்டும். காகிதக் கயிற்றால் பின்னிய இருக்கை உமக்கு ஒருநாள் வாய்க்கும். யுத்தகாலத்துத் தட்டுப்பாட்டில் டேனியர் கைக்கொண்ட அந்தக் கயிற்றில், 1950 முதல் விற்பனைக்கு வந்த வெக்னரின் ஒரு கதிரைக்கு மாத்திரம் ஏறத்தாழ 120 மீட்டர் செல்லும். அதில் கறை மட்டும் இருந்தால் பிரிக்க வேண்டாம்.

இப்போது துணி. கதிரைகளைப் பின்னர் வியாபாரமாக விற்கும் எண்ணம் இருந்தால், 1950க்குப் பின் செய்யப்பட்டவற்றின் பஞ்சும் உறையும் இந்நாட்டின் 1988ஆம் ஆண்டுத் தீப்பாதுகாப்பு விதிகளுக்கு இசைந்திருக்க வேண்டும் என்பதை மறவாதீர். பழைய ஸ்பாஞ்சுகள் பெரும்பாலும் அதற்கு உட்படா. துணி வகையில் கம்பளிக்கே என் வாக்கு: நான்னா டிட்செல் 1965இல் வகுத்த ஹாலிங்டால் என்ற கம்பளித் துணி இன்றும் நெய்யப்படுகிறது. பழைய உறையைக் கிழித்து எறியாமல், தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, அதையே வெட்டுவதற்கு அச்சாக வைத்துக்கொள்ளும். அப்படிப் பிரிக்கும்போது ஓரத் தையலின் உள்மடிப்பை வெளிச்சத்தில் விரித்துப் பாரும். வெயிலும் கையும் படாத அந்த விரலகல இடத்தில், கதிரை தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளின் நிறம் அப்படியே இருக்கும். அது என்ன நிறம் என்று எனக்கு எழுதும். கடுகா, நீலமா என்பதை அதன்பின் பேசுவோம்.

அன்புடன்,
உமது அண்ணன்