பயிற்சி பலன் தந்ததா? கணக்குப் பாருங்கள்!

மும்பை கோவண்டியின் சிவாஜி நகர், பைங்கன்வாடி சந்துகளில் தையல், ஜரிகை வேலைப் பட்டறைகள் ஏராளம். ஆட்களுக்குப் பயிற்சி தரும் பட்டறைக்காரர்களுக்கு, அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் பயிற்சியின் பலனை அளக்க 1959-ல் முன்வைத்த நான்கு படி முறை நன்றாகவே கைகொடுக்கும்.

● கருத்து: பயிற்சி முடிந்த அன்றே, எது பயன்பட்டது என்று கேளுங்கள்.

● கற்றது: பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரியைத் தைக்கச் சொல்லி ஒப்பிடுங்கள்.

● பழக்கம்: மூன்று மாதம் கழித்து, கற்றபடி வேலை நடக்கிறதா என்று கவனியுங்கள்.

● விளைவு: திரும்பி வரும் பீஸ்களும் துணிச் சேதமும் குறைந்தனவா, எண்ணுங்கள்.

அடுத்து, லாபத்தைக் கணக்கிடுங்கள். செலவில் பயிற்சிக் கட்டணத்தோடு பயிற்சி நாட்களின் கூலியையும் சேருங்கள். செலவு 10,000 ரூபாய், சேதம் குறைந்ததால் மிச்சமானது 15,000 ரூபாய் என்றால் நிகர லாபம் 5,000 ரூபாய். அதாவது, செலவில் 50 சதவீதம்.

பயிற்சிக்கு முந்தைய மாதக் கணக்கை இன்றே எழுதி வையுங்கள். அது இல்லாமல் எதையும் ஒப்பிட முடியாது.