ஆளை மாற்றினால் வியாபாரம் மாறுமா?

இரண்டு மாதம் தொடர்ந்து விற்பனை குறைந்தால் நம்மில் பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை, கடையைப் பார்த்துக்கொள்ளும் ஆளை நிறுத்திவிடலாம் என்பதுதான். அது எந்த அளவுக்குச் சரி? விடை காண, நமக்குச் சம்பந்தமில்லாத ஒரு தொழிலை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கூடைப்பந்து அணிகளின் பயிற்சியாளர் வேலைதான் அது.

என்.பி.ஏ. என்னும் போட்டியில் 30 அணிகள் உண்டு. ஒவ்வொன்றும் லீக் சுற்றில் 82 ஆட்டங்கள் ஆடும். அணிக்கு முதலாளி இருக்கிறார். வீரர்களைத் தேர்ந்தெடுக்கப் பொது மேலாளர் இருக்கிறார். நம் கடைக் கணக்கில் கொள்முதல் செய்பவர் அவர். வந்த சரக்கை வைத்து வியாபாரம் செய்து காட்ட வேண்டியவர் பயிற்சியாளர்.

இவருடைய வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. 2019 முதல் 2023 வரை கோப்பை வென்ற பயிற்சியாளர்கள் ஐவர். 2025 ஏப்ரல் முடிவதற்குள் அவர்களில் நால்வரை அந்தந்த அணிகளே நீக்கிவிட்டன. மிஞ்சியவர் கோல்டன் ஸ்டேட் அணியின் ஸ்டீவ் கெர் ஒருவரே. டென்வர் அணியின் மைக்கேல் மலோன் நீக்கப்பட்டபோது 47 வெற்றி, 32 தோல்வி. லீக் சுற்றில் மூன்று ஆட்டங்களே பாக்கி!

காரணம் எளிது. ஒப்பந்தம் போட்ட வீரர்கள் பலரை ஒரே நாளில் மாற்ற முடியாது. பயிற்சியாளர் ஒருவரை மாற்றலாம். மேலும், முதலாளி ஏதோ செய்தார் என்று ஊருக்கும் தெரியும்.

ஆனால் அது இலவசமல்ல. 2023இல் டெட்ராய்ட் அணி மான்ட்டி வில்லியம்ஸ் என்பவரை ஆறு ஆண்டுகளுக்கு நியமித்தது. சம்பளம் சுமார் 7.85 கோடி டாலர் என்று செய்தி வந்தது. 14 வெற்றி, 68 தோல்வியுடன் ஒரே ஆண்டில் அனுப்பிவிட்டார்கள். மீதி ஒப்பந்தத்தின் சுமை முதலாளி தலையில் விழுந்தது.

நாம் கவனிக்க வேண்டிய கணக்கு சான் அன்டோனியோ அணியினுடையது. அங்கே பாப் ஹில் என்ற பயிற்சியாளர் இரண்டு ஆண்டுகளில் 62, 59 ஆட்டங்களை வென்று கொடுத்தவர். 1996இல் முன்னணி வீரர் டேவிட் ராபின்சன் காயத்தால் ஆடவில்லை. 3 வெற்றி, 15 தோல்வி என்றானதும் டிசம்பரில் ஹில் நீக்கப்பட்டார். நீக்கிய பொது மேலாளர் கிரெக் பாப்போவிச் தாமே அந்தப் பதவியில் அமர்ந்தார். பலன்? 17 வெற்றி, 47 தோல்வி!

அடுத்த ஆண்டு ராபின்சன் குணமாகித் திரும்பினார். டிம் டங்கன் என்ற புதிய வீரரும் வந்தார். அதே பாப்போவிச் 56 ஆட்டங்களை வென்றார். 1999 முதல் 2014 வரை ஐந்து கோப்பைகள் வந்தன. 2025 மே மாதம் வரை அவரே பயிற்சியாளர். முதல் ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்து அவரையும் அனுப்பியிருந்தால்?

ஆளை மாற்றுவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. கிளீவ்லாந்து அணி 2016 ஜனவரியில், 30 வெற்றி, 11 தோல்வி என்று நல்ல நிலையில் இருந்தபோதே பயிற்சியாளரை மாற்றியது. புதிதாக வந்த டைரன் லூ அந்த ஆண்டே கோப்பையை வென்றார். ஆனால் 2018இல் நட்சத்திர வீரர் லெப்ரான் ஜேம்ஸ் அணியை விட்டுப் போனார். முதல் ஆறு ஆட்டங்களும் தோற்றன. லூவும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஆள் அதே ஆள்தான், போனது சரக்கு.

ஆகவே, ஒருவரை நிறுத்துமுன் மூன்று கேள்விகளை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம்.

1. விற்பனை குறைந்தது ஆளாலா, சரக்காலா? கேட்ட சரக்கை நாம் வாங்கிக் கொடுத்தோமா?

2. அவருடைய கணக்கை இரண்டு மாதத்துக்குப் பார்த்தோமா, இரண்டு வருடத்துக்குப் பார்த்தோமா?

3. நாளை நாமே அந்த இடத்தில் உட்கார்ந்தால் விற்பனை கூடுமா?

மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொன்ன பிறகும் ஆளை மாற்றத்தான் வேண்டும் என்றால், தாராளமாக மாற்றலாம். சம்பளப் பாக்கியை அன்றே தீர்த்து, முகம் கோணாமல் அனுப்புவோம். பதில் நம் பக்கம் திரும்பினால், திருத்த வேண்டியது நம் கொள்முதலைத்தான்.