ஓய்வுக்குப் பின் மருத்துவக் காப்பீடு

கேள்வி: நூற்பாலையில் ஓய்வு பெறும்வரை ஈ.எஸ்.ஐ. சந்தா பிடித்தார்கள். சர்க்கரை வியாதி உண்டு. இப்போது தரகர் மூலம் மருத்துவக் காப்பீடு எடுக்கலாமா?
— ஒரு வாசகர், செட்டியார்பட்டி

பதில்: தரகரைத் தேடுமுன், கைவசமுள்ள உரிமையைக் கைவிடாதீர்கள். ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து, ஓய்வு வயதில் விலகிய தொழிலாளி, ஆண்டுக்கு 120 ரூபாய் முன்னதாகச் செலுத்தினால், தமக்கும் தம் மனைவிக்கும் வைத்திய சகாயத்தைத் தொடர்ந்து பெறலாம் என்று விதி இருக்க, அதனை அறியாமலே பலர் இழந்துவிடுவது எனக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது.

அதற்கு மேலும் பாலிசி வேண்டுமாயின், தரகரை நாடுவது உசிதமே. ஏஜெண்டு கம்பெனியின் பிரதிநிதி, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் உரிமம் பெற்ற தரகரோ உங்கள் பிரதிநிதி. ஆயினும், அவருக்குக் கமிஷன் கொடுப்பது கம்பெனியே ஆதலால், சிபாரிசுக்குக் காரணம் கேளுங்கள்.

முக்கியமாக ஆஸ்பத்திரி அறை வாடகை வரம்பை விசாரியுங்கள். நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரம்புள்ள பாலிசியை வைத்துக்கொண்டு, மதுரையில் 10,000 ரூபாய் அறையில் படுத்தால், வாடகையில் மட்டுமன்றி, டாக்டர் கட்டணம் முதலியவற்றிலும் பாதியை வெட்டிவிடக்கூடும் என்பதைப் பலர் டிஸ்சார்ஜ் தினத்தன்றுதான் அறிகிறார்கள்.

சர்க்கரையை மறைக்கச் சொல்பவரிடம் ஒரு கணமும் நில்லாதீர்கள். 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி, முன்பே உள்ள வியாதிக்குக் காத்திருப்புக் காலம் மூன்றாண்டுகளை மீறலாகாது. மறைத்தாலோ பாலிசியே ரத்தாகலாம். பத்திரம் கைக்கு வந்தபின் நிதானமாகப் படித்து, ஒவ்வாவிடில் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம்.